ஊசி போட்டவள் மேல்தான் முதல் சந்தேகம்

கொலைப்படம் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு ஒரே ஒரு பயம்தான். இரண்டு மணி நேரம் நம்மைச் சுற்றவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் அதுவரை முகமே காட்டாத ஒருவனைக் கூட்டிவந்து "இவன்தான்" என்று நிறுத்திவிடுவார்கள். கேட்டால் அவனுக்குச் சின்ன வயதில் நடந்த கொடுமை என்று ஒரு ஃப்ளாஷ்பேக் போடுவார்கள். நைட் டியூட்டியில் தூக்கம் வராமலிருக்க பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாத நாவல் வாங்கிப் படித்துப் பழகியவள் நான். அந்தச் சின்ன நாவல்கள்கூட இந்த அளவுக்கு ஏமாற்றியதில்லை.

ரையன் ஜான்சன் எழுதி இயக்கி 2019 நவம்பரில் வெளியான 'நைவ்ஸ் அவுட்' அந்த விஷயத்தில் மிக நேர்மையான படம். பாதிப் படம் தாண்டுவதற்குள் விடையை நம் கண்முன்னால் வைத்துவிடுகிறார். நமக்குத்தான் தெரிவதில்லை. அந்த விடையை மறைக்க அவர் பயன்படுத்தியிருக்கும் திரை என் தொழிலைச் சேர்ந்தது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ். படத்தின் கதாநாயகியும் நர்ஸ்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், கெடுக்காத அளவுக்கு. ஹார்லன் த்ராம்பி என்பவர் கொலைக்கதைகள் எழுதிப் பெரும் பணம் சேர்த்த எழுத்தாளர். 85-வது பிறந்தநாளுக்குக் குடும்பம் மொத்தமும் அவருடைய பெரிய வீட்டில் கூடுகிறது. மறுநாள் காலை வேலைக்காரப் பெண் ஃப்ரான் தட்டில் காலை உணவை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனால், கழுத்து அறுபட்டுக் கிடக்கிறார். தற்கொலை என்றுதான் போலீஸ் நினைக்கிறது. ஒரு வாரம் கழித்து மறுபடி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். கேட்பது இரண்டு போலீஸ்காரர்கள். பின்னால், பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வப்போது ஒரே ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆள் பெனுவா ப்ளாங்க், தனியார் துப்பறிவாளர். அவருக்கு யாரோ கவரில் பணம் வைத்து அனுப்பி இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். யார் அனுப்பினார்கள் என்பது அவருக்கே தெரியாது.

இந்த விசாரணைக் காட்சிகளே ஒரு விருந்து. ஜேமி லீ கர்ட்டிஸ், மைக்கேல் ஷானன், டான் ஜான்சன், டோனி கோலெட் என்று பெரிய நடிகர்களாக வரிசையில் வந்து உட்காருகிறார்கள். எல்லோரும் அப்பாமேல் உயிரையே வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அந்த இரவில் நடந்ததைப் படம் காட்டுகிறது. சொன்னது எவ்வளவு பொய் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. பிறந்தநாள் கேக் வெட்டும் காட்சியைக் கவனியுங்கள். யார் சொல்கிறாரோ அவரே பெரியவருக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்பார். அடுத்தவர் சொல்லும்போது இடம் மாறிவிடும், கேக் மட்டும் அதே கேக். இதை யாரும் சுட்டிக்காட்டி வசனம் பேசுவதில்லை, கவனித்தால் சிரிப்பு வரும், கவனிக்காவிட்டாலும் கதை ஓடும். எங்கள் வார்டில் ஒரு பெரியவர் இறந்துவிட்டால் பிள்ளைகள் வந்து நின்று "கடைசி வரைக்கும் நான்தான் பார்த்துக்கிட்டேன்" என்று ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இந்தக் காட்சியில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

பெரியவர் ஒவ்வொருவருடைய கணக்கையும் அந்த நாளில்தான் முடித்திருக்கிறார். மகன் வால்ட்டைப் பதிப்பக வேலையிலிருந்து நீக்கிவிட்டார். மருமகன் ரிச்சர்டின் கள்ள உறவைக் கண்டுபிடித்துவிட்டார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்தை மருமகள் ஜோனி இரண்டு வழியில் வாங்கிக்கொண்டிருந்ததைப் பிடித்துவிட்டார். பேரன் ரான்சமோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சண்டை. ஆக எல்லோருக்கும் காரணம் இருக்கிறது. இது இந்த வகைக் கதைகளின் பழைய பாதைதான். படம் இந்தப் பாதையிலேயே கடைசிவரை போயிருந்தால் நானும் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு மறந்திருப்பேன்.

இவர்கள் நடுவில் மார்ட்டா. அனா டி அர்மாஸ் நடித்திருக்கிறார். பெரியவரின் வீட்டு நர்ஸ், அவருக்கு இருந்த ஒரே சிநேகிதியும்கூட. இரவில் இரண்டு பேரும் கோ என்ற பலகை ஆட்டம் ஆடுவார்கள், பெரும்பாலும் மார்ட்டாதான் ஜெயிப்பாள். அவளுக்கு ஒரு விசித்திரமான உபாதை: பொய் சொன்னால் வாந்தி வந்துவிடும். முதலில் கேட்டபோது இதென்ன சின்னப்பிள்ளைத்தனம் என்றுதான் நினைத்தேன். படம் போகப் போக அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். பொய் சொல்ல முடியாத ஒருத்தி உண்மையை மறைக்க வேண்டியிருந்தால் என்ன செய்வாள்? ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையின் எந்தத் துண்டைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று யோசித்து யோசித்துப் பேசுவாள். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர் வருவதற்குள் நாங்கள் சொல்லிவிடாமல் பேசும் பேச்சு அது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

த்ராம்பி குடும்பம் மார்ட்டாவிடம் பழகும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லோரும் அவளை "நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி" என்கிறார்கள். ஆனால் பெரியவரின் இறுதிச் சடங்குக்கு அவளைக் கூப்பிடவில்லை. அதற்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து, "நான் கூப்பிடத்தான் சொன்னேன், மற்றவர்கள்தான் வேண்டாம் என்றுவிட்டார்கள்" என்கிறார்கள். அவள் எந்த நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்பது யாருக்கும் தெரியாது. ஒருவர் ஈக்வடார் என்பார், இன்னொருவர் பராகுவே, அப்புறம் உருகுவே, பிரேசில். ரிச்சர்ட் ஒரு காட்சியில், வெளிநாட்டிலிருந்து வந்து உழைத்து முன்னேறுகிறவர்களை நாம் மதிக்க வேண்டும் என்று பேசி, உதாரணத்துக்கு மார்ட்டாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், தான் சாப்பிட்ட தட்டை அவள் கையில் கொடுத்துவிடுகிறார். அவளும் வாங்கிக்கொள்கிறாள். அவள் நர்ஸ், தட்டு எடுக்க வந்தவள் இல்லை.

எங்கள் ஊரிலும் படித்து முடித்த பெண்கள் நிறையப் பேர் வீட்டு நர்ஸாகப் போகிறார்கள். "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்ற வாசகத்தைக் கேட்காதவர்கள் அவர்களில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு டம்ளர் தனியாக இருக்கும். தாத்தாவுக்கு ஊசி போட்ட கையோடு பாட்டியின் புடவையைக் காயப்போடச் சொல்வார்கள். நான் படத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த ஜூனியர் ஒருத்தி, வேலைக்கு வருமுன் இப்படி ஒரு வீட்டில் இருந்தவள், தட்டுக் காட்சியைப் பற்றி மட்டும் போனில் சொன்னாள்: "அக்கா, அந்த ஆளு அவ மூஞ்சியவே பாக்கல, பாத்தீங்களா?" கொலையைப் பற்றி அவள் பேசவே இல்லை.

இனிமேல் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேச முடியும். கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எப்படி என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். 130 நிமிடம்தான்.

சரி. அன்றைக்கு ராத்திரி நடந்ததாகப் படம் காட்டுவது இது. பார்ட்டி முடிந்து மேல்மாடி அறையில் இருவரும் ஆடுகிறார்கள். பெரியவர் விளையாட்டாகப் பலகையைத் தட்டிவிட, மருந்துப் பையும் சரிந்து பாட்டில்கள் உருள்கின்றன. தினமும் போடுவது போல மார்ட்டா ஊசி போடுகிறாள். வலிக்குக் கீட்டோரோலாக் 100 மில்லிகிராம், தூங்குவதற்கு மார்ஃபின் 3 மில்லிகிராம். முதல் ஊசியைப் போட்டுவிட்டு லேபிளைப் பார்த்தால், 100 மில்லிகிராம் போனது மார்ஃபின் பாட்டிலிலிருந்து. முறிவு மருந்தான நலாக்ஸோனைத் தேடினால் பையில் இல்லை. பத்து நிமிடத்தில் இறந்துவிடுவீர்கள் என்கிறாள். அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போகிறாள், அவர் தடுக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து சேரப் பதினைந்து நிமிடமாகும், எனக்கு எப்படியும் நேரமில்லை, நீ மாட்டிக்கொண்டால் அனுமதியில்லாமல் இந்த நாட்டில் இருக்கும் உன் அம்மாவும் மாட்டுவார் என்று சொல்லி, அவளைக் காப்பாற்ற உட்கார்ந்த இடத்திலேயே ஒரு திட்டம் போட்டுக் கொடுக்கிறார். எல்லோருக்கும் தெரியும்படி கிளம்பிப் போ, வண்டியைத் தள்ளி நிறுத்து, திரும்பி வந்து கொடிப்பந்தலில் ஏறு, என் கவுனையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு படியில் இறங்கு, என் மகன் பார்க்கட்டும். அத்தனையும் சொல்லிவிட்டுத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறார்.

ஆக, யார் கொன்றது என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது போலத் தோன்றும். அதற்குப் பிறகு இது வேறு படம். இந்தப் பெண் மாட்டக்கூடாதே என்று நாம் பதறுகிறோம். துப்பறிவாளரே அவளைத் துணைக்கு வைத்துக்கொண்டு தடயம் தேடுகிறார். அவள் தன் காலடித் தடங்களைத் தானே மிதித்து அழிக்கிறாள். ஒடிந்து விழுந்த பந்தல் துண்டை அவள் தூர எறிந்தால் வீட்டு நாய் அதைக் கவ்விக்கொண்டு திரும்பி வருகிறது. கொலையாளி தப்பிக்க வேண்டும் என்று நம்மை வேண்டிக்கொள்ள வைத்துவிட்டு, அந்தப் பதற்றத்தின் கீழே உண்மையான கேள்வியைக் கமுக்கமாக உயிரோடு வைத்திருக்கிறார் இயக்குநர்.

இப்போது என் தொழில்காரியமாகப் பேசுகிறேன். 100 மில்லிகிராம் மார்ஃபின் உடம்புக்குள் போன 85 வயதுக்காரர் எப்படி இருப்பார்? கொஞ்ச நேரத்தில் கண் சொருகும். பேச்சு குழறும். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும். மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஹார்லன் என்ன செய்கிறார்? பெரிய திட்டம் ஒன்றை, எந்தப் படியில் சத்தம் வரும் என்பது உட்பட, வரிசை பிசகாமல் சொல்கிறார். வாய் குழறவில்லை. கை நடுங்கவில்லை. கண்ணில் உற்சாகம் வேறு, ஒரு புதுக்கதை கிடைத்த எழுத்தாளரின் உற்சாகம். கிறிஸ்டஃபர் ப்ளம்மர் அதை என்ன அழகாக நடித்திருக்கிறார்! அவருக்கு அப்போது தொண்ணூறை ஒட்டிய வயது. அந்த அழகில்தான் நாம் ஏமாறுகிறோம். அந்த மனிதருக்கு மார்ஃபின் போகவே இல்லை என்பதற்கான அத்தனை அடையாளமும் அவர் முகத்திலேயே, வெளிச்சத்தில், நெருக்கக் காட்சியில் இருக்கிறது.

உண்மையும் அதுதான். மார்ட்டா சரியான மருந்தைத்தான் போட்டிருக்கிறாள். வேறு ஒருவர் முன்கூட்டியே இரண்டு பாட்டில்களின் மருந்தையும் மாற்றி ஊற்றிவைத்து, நலாக்ஸோனையும் எடுத்துவிட்டிருக்கிறார். கொலை அவள் கையால் நடக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் உருண்டுபோன பாட்டில்களை எடுத்தபோது அவள் லேபிளைப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காகக் கையாண்ட பழக்கத்தில், திரவத்தின் சாயலையும் அது அசையும் விதத்தையும் வைத்து, தன்னையறியாமலே சரியானதை எடுத்துவிட்டாள். ப்ளாங்க் கடைசியில் அவளிடம் சொல்வதன் சாரம் இவ்வளவுதான்: நீ நல்ல நர்ஸ், அதனால்தான் நீ கொல்லவில்லை.

இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வார்டில் ஏதாவது தப்பாகப் போனால் முதல் கேள்வி எப்போதும் "ஊசி போட்டது யாரு?" என்பதுதான். மருந்து எழுதியவர், மருந்துக்கடைக்காரர், சொல்லாமல் கொள்ளாமல் நோயாளிக்கு வீட்டு மருந்தைக் கொடுத்த சொந்தக்காரர் எல்லோரும் அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்பார்கள். நர்ஸ் கை தவறிவிட்டாள் என்றால் உலகம் உடனே நம்பும். இந்தப் படத்தில் மார்ட்டாவே நம்புகிறாள். அவளை மகளாக நினைத்த ஹார்லனும் நம்புகிறார். நாம் அத்தனை பேரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால்தான் ரையன் ஜான்சன் விடையை ஒளித்துவைத்திருக்கிறார். பூட்டிய அறை, ரகசிய வழி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஹார்லனை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள் கேட்டது ஒரே ஒரு போன். கூப்பிட விட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும், அவருக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்திருக்கும், மறுநாள் இருவரும் மறுபடி பலகையை விரித்திருப்பார்கள். கதை எழுதியே பழகிய மனிதர், நர்ஸ் சொல்வதைக் கேட்காமல் தன் கதையைக் கேட்டார். ப்ளாங்க் இதைச் சொல்லும் இடத்தில் மார்ட்டாவின் முகத்தைப் பாருங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், முதலில் மருந்து மேஜையிலிருந்து. கீட்டோரோலாக் 100 மில்லிகிராம், அதுவும் தினமும், 85 வயதுக்காரருக்கா? எங்களுக்கு வரும் ஆம்ப்யூல், அதாவது உடைத்து எடுக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி, 30 மில்லிகிராம். 65 வயது தாண்டியவர்களுக்கு ஒரு வேளைக்கு அதில் பாதி, நாள் முழுக்கச் சேர்த்தே 60 தாண்டக்கூடாது, ஐந்து நாளுக்கு மேல் கொடுக்கவும் கூடாது. சிறுநீரகம் போய்விடும், வயிற்றில் ரத்தக் கசிவு வரும். அந்த வீட்டில் ஒருவரும் கத்தியெடுக்கத் தேவையே இருந்திருக்காது, டாக்டரின் மருந்துச் சீட்டே போதும். அப்புறம் மார்ஃபின். இங்கே அது இரட்டைப் பூட்டு போட்ட அலமாரியில் இருக்கும். ஒரு மில்லி ஆம்ப்யூலில் 10 அல்லது 15 மில்லிகிராம் இருக்கும். யாருக்கு, எவ்வளவு, மிச்சம் என்ன என்று ரிஜிஸ்டரில் எழுதி, காலி ஆம்ப்யூலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது கையில் வரும். ஒரு டோஸில் ஆளையே முடிக்கும் அளவு மார்ஃபினைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஒரு நர்ஸ் ராத்திரியில் தனியாகக் கார் ஓட்டிப் போகிறாள் என்பதை என்னால் லேசில் விழுங்க முடியவில்லை.

திரவத்தின் அசைவை வைத்து மருந்தைக் கண்டுபிடிப்பது? இரண்டுமே தண்ணீர் போலத்தான் இருக்கும். என் கைக்கு வராது. பழகிய கைக்கு ஆம்ப்யூலின் எடை, உடைக்கும்போது வரும் சத்தம், சிரிஞ்சில் ஏறும் வேகம் எல்லாம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நர்சிங் பள்ளியில் முதல் மாதமே மண்டையில் ஏற்றும் பாடம் வேறு: லேபிளை மூன்று முறை படி. அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒன்று, சிரிஞ்சில் ஏற்றும்போது ஒன்று, திரும்ப வைக்கும்போது ஒன்று. மார்ட்டா அந்தப் பாடத்தின்படி நடந்து லேபிளைப் படித்திருந்தால் அவர் செத்திருப்பார். கீட்டோரோலாக் என்று எழுதிய பாட்டிலில் இருந்தது மார்ஃபின் அல்லவா. விதியை மீறியதால் நல்ல நர்ஸ் ஆனாள் என்ற இந்தத் திருகலை எங்கள் டியூட்டர் மேடம் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். படத்துக்குப் பாஸ் மார்க் போட்டுவிட்டு மார்ட்டாவை மட்டும் மறுபடி எழுதச் சொல்லியிருப்பார்.

தொழிலை விட்டுவிட்டுப் பார்த்தால், சின்னச் சின்னப் பொருட்களை இந்தப் படம் கையாளும் விதம்தான் இதை இரண்டாவது முறை பார்க்கவைக்கிறது. ஹார்லனின் மேஜையில் ஒரு பேஸ்பால் பந்து இருக்கும். ரிச்சர்ட் ஒரு கடிதத்தைத் தேடி வந்து, உள்ளே வெற்றுத்தாள் இருப்பதைப் பார்த்து, எரிச்சலில் அந்தப் பந்தை ஜன்னல் வழியாக வீசுகிறார். பந்தை வெளியே ஒருவர் கண்டெடுக்கிறார், நாய்க்குப் போகிறது, நாயிடமிருந்து மகள் லிண்டாவின் கைக்கு வருகிறது. அப்பாவின் பந்து ஆயிற்றே என்று அதை மேஜையில் திரும்ப வைக்கப் போகிறவள் கண்ணில் அந்தக் கடிதம் படுகிறது. அப்பாவுக்கும் மகளுக்கும் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொள்ள ஒரு வழி உண்டு என்பது நமக்கு முன்பே சொல்லப்பட்டது. லைட்டரைப் பற்றவைத்துத் தாளில் காட்டுகிறாள், எழுத்து எழும்புகிறது. ரிச்சர்டின் கதை அதோடு முடிந்தது. கொலைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் வீசிய பந்து விழுந்த இடத்தைக்கூட மறக்காத ஓர் ஆள் இதை எழுதியிருக்கிறார் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆஸ்கருக்கு அசல் திரைக்கதைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை. அந்த வருஷம் விருது கொரியப் படத்துக்குப் போனது, அதிலும் வீட்டு வேலைக்காரர்கள்தான்.

வீட்டின் நடுக்கூடத்தில் நூற்றுக்கணக்கில் கத்திகளைச் சக்கரம் போல அடுக்கி வைத்த ஓர் அலங்காரம் இருக்கிறது. விசாரணைக்கு உட்காருகிறவர்களின் தலைக்குப் பின்னால் அத்தனை கத்திகளும் அவர்களையே குத்திக் காட்டுவது போலத் தெரியும். அழகுக்கு வைத்தது என்று விட்டுவிடாதீர்கள். நிஜக் கத்திக்கும் நாடகக் கத்திக்கும் வித்தியாசம் தெரியாத ஆட்களைப் பற்றி ஹார்லன் அந்த இரவில் மார்ட்டாவிடம் போகிற போக்கில் ஒரு வரி சொல்வார். அந்த வரிக்குக் கடைசியில் கிடைக்கும் பதிலைப் பார்த்து நான் கை தட்டியேவிட்டேன். வாந்தி விஷயமும் அப்படித்தான். முதலில் நம்மைச் சிரிக்கவைக்க வந்தது போலிருக்கும் அந்த உபாதையே மார்ட்டாவின் ஆயுதமாகிவிடுகிறது.

டேனியல் கிரெய்க்கை ஜேம்ஸ் பாண்டாக மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தில் அவர் பேசும் பேச்சு முதலில் ஒட்டாது. ஆங்கிலேயர், அமெரிக்கத் தென்பகுதிக்காரரைப் போல ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசுகிறார். எனக்குச் சப்டைட்டில் இல்லாமல் பாதி புரியவில்லை. நடுவில் டோனட்டையும் அதன் நடுவே உள்ள ஓட்டையையும் வைத்து ஒரு நீளமான பிரசங்கம் செய்கிறார், அவருக்கே அது புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் இந்தத் துப்பறிவாளர் ஆரம்பத்திலேயே மார்ட்டாவின் ஷூவில் ஒட்டியிருந்த ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவளைக் கூடவே கூட்டிக்கொண்டு அலைந்தார் என்று தெரியும்போது, அதுவரை அசடு போலத் தெரிந்தவர் வேறு ஆளாகிவிடுகிறார். அந்த வீட்டில் மார்ட்டாவிடம் வேலை வாங்காமல், அவள் செய்வதை உட்கார்ந்து கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு வேடிக்கையான தகவல். ஹார்லனின் அம்மாவாக, எல்லாவற்றையும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும் கிழவியாக வரும் கே காலன், மகனாக நடித்த ப்ளம்மரைவிட ஆறு வயதுக்கும் மேல் சின்னவர். அந்தக் கிழவியிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ப்ளாங்க் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். வீட்டில் நடப்பதெல்லாம் தெரிந்தவர் மூலையில் படுத்திருக்கும் பாட்டிதான் என்பது எந்த நாட்டிலும் மாறாது போல.

பிடிக்காதவை என்றால், வால்ட்டின் மனைவிக்கும் மகனுக்கும் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எப்போதும் போனில் மூழ்கிக் கிடக்கும் அந்தப் பையனை வைத்து ஒரே நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு கார் துரத்தல் வருகிறது, மார்ட்டாவின் சின்னக் கார் முக்கி முனகி ஓடுவது சிரிப்பாக இருந்தாலும் அதை வெட்டியிருந்தால் படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது ஃப்ரான். பிணத்தை முதலில் பார்த்தவள், உண்மையின் ஒரு பகுதி தெரிந்தவள், அந்த வீட்டில் சம்பளத்துக்கு இருந்த இன்னொரு பெண். மார்ட்டாவுக்காக இவ்வளவு யோசித்த படம் ஃப்ரானைக் கதைக்கு வேண்டிய ஒரு பிணமாகப் பயன்படுத்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. அவளுக்கு யார் இருந்தார்கள், யார் அழுதார்கள் என்று ஒரு காட்சி வைத்திருக்கலாம்.

அதே ஃப்ரானை வைத்துத்தான் படத்தின் மிக நல்ல காட்சியும் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காலியான பழைய சலவைக் கடையில் அவள் மூச்சில்லாமல் கிடப்பதை மார்ட்டா பார்க்கிறாள். ஃப்ரான் பிழைத்தால் தன் கதை முடிந்தது என்றுதான் அந்த நிமிடத்தில் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். திரும்பி நடந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு கணம் தயங்குகிறாள். பிறகு மண்டிபோட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கிறாள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறாள். ஹார்லனுக்காகக் கூப்பிட முடியாமல் போன அதே ஆம்புலன்ஸ். பின்னணியில் உருக்கமான இசையை ஏற்றாமல் விட்டதற்கு இயக்குநருக்கு நன்றி. நாங்கள் அதைச் செய்யும்போதும் இசை இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான் ஓடும்.

4 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுக்க 31 கோடி டாலர் வரை வசூலித்த படம் இது. அதனால் ப்ளாங்க்கை வைத்து 2022-இல் 'க்ளாஸ் ஆனியன்' வந்தது. தீவு, கோடீஸ்வரன், பளபளப்பு எல்லாம் இருந்தது, ஒரு தடவை பார்க்கலாம். முதல் படத்தில் இருந்த மாதிரி ஒரு ஆளுடைய வேலையை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கும் கண் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதல் படத்தில் கழுத்தறுப்புக் காட்சி ஒன்று இருக்கிறது, வசவும் உண்டு, அவர்களைத் தூங்கவைத்துவிட்டுப் பாருங்கள். நர்ஸாக இருந்தால் டியூட்டி இல்லாத நாளில் பாருங்கள். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. ஃப்ரானுக்காகக் கால், அந்த 100 மில்லிகிராம் கீட்டோரோலாக்குக்காகக் கால்.